பொம்மை விமானத்தின் கறைகள்

புதிய பொருள் ஒன்றை வாங்கினால் அது கீறலும் அழுக்கும் படாமல் இருக்க வேண்டும் என்று விரும்புவது உலக இயல்பு. ஆனால் மிகுந்த சிரமத்துடன் ஒரு பொருளைச் செய்து முடித்து, அதற்கு அழகாக வர்ணமும் தீட்டி, அதன் பிறகு கரியும் எண்ணெயும் சேறும் படிந்தாற்போல் அதனை வேண்டுமென்றே அழுக்காக்குகிறவர்களும் இருக்கின்றனர். அவர்கள் சித்தம் தெளிந்தவர்களே. ஆகாய விமானங்களைச் சிறு அளவில் செய்து பார்ப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. அந்தக் கூட்டத்தில் நாமும் சேர நேர்ந்தது. அழுக்காக்கும் அந்தக் கலையின் முறையையும், அதனால் நமது இல்லத்தில் எழுந்த ஒரு விவாதத்தையும் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நாம் வசிப்பது ஹைதராபாத்தைச் சேர்ந்த மல்காஜ்கிரியில். செகந்திராபாத்தை அடுத்த இந்தப் பகுதியில் ரயில்வே வேலையை முன்னிட்டும் ராணுவக் காரியாலயங்களை முன்னிட்டும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. மத்திய அரசின் மொழிபெயர்ப்பு வேலை நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. வடக்கே ஹக்கிம்பேட்டையில் விமானப் படையின் பயிற்சி நிலையம் இருப்பதால், இங்குள்ள பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தே வளர்கிறார்கள். நமது மூத்த பையனும் அப்படித்தான். அவனுடைய பதின்மூன்றாவது பிறந்த நாளன்று, சென்னையிலிருந்து வந்த அவன் தாய்மாமன் ஒரு பெட்டியைப் பரிசளித்தார். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி மாதங்களில் பறந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-10 என்னும் ஜெர்மானியப் போர் விமானம், நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில், துண்டு துண்டாக அதனுள் இருந்தது.

ஜெர்மானியப் போர் விமானத்திற்கும் ஹைதராபாத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இல்லாமல் இல்லை. முதல் உலக யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில், 1918-ல், பிரிட்டிஷ் விமானப் படையின் 110-வது அணிக்கு டி.எச்.9ஏ விமானங்களை வழங்கியவர் நிஜாம் மீர் உஸ்மான் அலிகான். ஹைதராபாத்தின் நன்கொடை என்பது அவ்விமானங்களின் மேலேயே எழுதப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று 1918 அக்டோபர் 5-ஆம் தேதி ஜெர்மானியர் கையில் சிக்கி, பெர்லின் அருங்காட்சியகத்தில் வெற்றிப் பொருளாக வைக்கப்பட்டது. அடுத்த யுத்தத்தின்போது அது போலந்து நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டுப் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தது. 1977-ல்தான் லண்டனில் உள்ள விமானப் படை அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. இன்றும் அதை அங்கே காணலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் 152-வது, 253-வது அணிகள் ஹைதராபாத்தின் பெயரைத் தாங்கின. 152-வது அணியின் இலச்சினையே நிஜாமின் தலைப்பாகைதான். 1940-ல் பிரிட்டன் வான்போரில், தென் இங்கிலாந்திலுள்ள வார்ம்வெல் விமானதளத்திலிருந்து ஸ்பிட்பயர் விமானங்களில் எழும்பிய அந்த அணி எதிர்த்து நின்ற விமானங்களுள் மெஸ்ஸர்ஷ்மிட் 109 முக்கியமானது. ஆகவே, பையனின் மேஜைக்கு வந்து சேர்ந்தது நம் ஊரின் பெயருக்குப் பழைய எதிரி.

இந்த விமானம் முதன்முதலில் பறந்தது 1935-ல். பத்தாண்டுகளில் முப்பத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன என்றால் அதன் பயன் எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளலாம். உண்மை விமானத்தின் இறக்கை, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 9.92 மீட்டர். நம் மேஜைமேல் அது இருபது சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஏறக்குறைய ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அச்சிலிருந்து எடுக்கும்போது பிளாஸ்டிக்கின்மேல் எண்ணெய்ப் பசை தங்கியிருக்கும். அதைச் சோப்பு நீரில் கழுவாவிட்டால் வர்ணம் ஒட்டாது. ஒட்டிய இடங்களில் இடைவெளி தெரிந்தால் பட்டி இட்டு, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். ஆனால் இந்த ஊர்க் கடையில் பட்டி, உப்புத்தாள் என்று கேட்டுப் பயனில்லை. லப்பம், ரேக்மால் என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். சுவருக்குப் பூசும் லப்பம் இந்த வேலைக்கு ஆகாது, இதற்கென்றே விற்கும் மெல்லிய பட்டிதான் வேண்டும் என்பதை நாம் தெரிந்துகொண்டது பிறகு. அதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் செய்திருக்கிறோம். வீட்டுக் கதவுக்கு அடித்தது போக மீந்திருந்த வர்ணத்தில் கடுமையான தின்னரைக் கலந்து, பழக்கத்துக்காக வாங்கிய ஒரு சிறு விமானத்தின்மேல் தடவினோம். பிளாஸ்டிக் இளகி, இறக்கை வெயிலில் வைத்த மெழுகுபோல் வளைந்துவிட்டது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாததுதான் நமக்கு உறைத்தது.

வர்ணம் பூசுவதற்குத் தூரிகையும் போதும். எனினும் விமானத்தின் பக்கங்களில் புகைபோல் மங்கிக் கலக்கும் புள்ளிகளை இடுவதற்கு ஏர்பிரஷ் என்னும் காற்றுத் தூரிகைக்கு ஈடு இல்லை. அது காற்றின் வேகத்தால் வர்ணத்தை நுண்துளிகளாகத் தூவும் பேனா போன்ற கருவி. வர்ணத்தை எவ்வளவு நீர்க்கச் செய்வது என்று கேட்டால், இக்கலையில் பழகியவர்கள் உலகெங்கும் தரும் விடை ஒன்றே: பால் பதம். சமையலறையில் பதம் பார்த்துப் பழகிய நம் பெண்மணிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புள்ளிகள் இடும்போது வர்ணத்தை இன்னும் நீர்க்கச் செய்து, காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்குப் பத்துப் பதினைந்து பவுண்டாகக் குறைத்து, கருவியை மிக அருகில் பிடிக்க வேண்டும். ஊரின் தட்பவெப்பமும் இதில் ஒரு கூட்டாளி. ஹைதராபாத்தின் மே மாத வெயிலில், வர்ணத் துளி விமானத்தைத் தொடுமுன்பே காற்றில் உலர்ந்து, ரவை தூவியதுபோல் சொரசொரப்பாகப் படியும். விடியற்காலையில் வேலை செய்வது நலம்.

எந்த வர்ணம், ஏன் என்பது சுவையான பகுதி. ஜெர்மானிய விமான அமைச்சகம் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஓர் எண் கொடுத்திருந்தது. யுத்தத்தின் நடுப்பகுதியில் போர் விமானங்களின் மேற்புறத்துக்கு 74 என்னும் பசுமை சேர்ந்த கருஞ்சாம்பலும், 75 என்னும் ஊதாச் சாயல் கொண்ட சாம்பலும், அடிப்புறத்துக்கு 76 என்னும் வெளிர் நீலமும் விதிக்கப்பட்டிருந்தன. மேலிருந்து நோக்கும் பகைவனுக்கு விமானம் நிலத்தோடு ஒன்றிவிட வேண்டும். கீழிருந்து நோக்குபவனுக்கு வானத்தோடு ஒன்ற வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவனுக்கு எதனோடு ஒன்றுவது? இரண்டுக்கும் இடைப்பட்டதாக, வெளிர் நிறத்தின்மேல் கரும்புள்ளிகளை இறைத்தார்கள். இவ்வளவு பாடுபட்டு ஒளிந்துகொண்ட பிறகு, தம்மவரே தம்மைச் சுட்டுவிடலாகாது என்பதற்காக, மத்தியதரைக் கடற்பகுதியில் வெள்ளைப் பட்டையும் கிழக்குப் போர்முனையில் மஞ்சள் பட்டையும் உடலைச் சுற்றித் தீட்டினார்கள். ஒளியவும் வேண்டும், தெரியவும் வேண்டும் என்பது அக்காலப் போர் விமானத்தின் சங்கடம்.

அமைச்சகத்தின் எண்ணுக்குச் சரியான வர்ணத்தை வாங்கி அப்படியே பூசினால் சரியாகிவிடும் என்று நாம் நினைத்தோம். சரியாகவில்லை. விமானம் கருத்துப் போயிற்று. ஓரடி தூரத்தில் வைத்து இந்தச் சிறு விமானத்தைப் பார்ப்பது, உண்மை விமானத்தை நாற்பத்தெட்டு அடி தூரத்திலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். இடையே உள்ள காற்றும் ஒளியும் உண்மை நிறத்தை வெளுப்பித்துக் காட்டும். மேஜைமேல் அந்தக் காற்று இல்லாததால், வர்ணத்தில் சிறிது வெள்ளையை நாமே கலக்க வேண்டும். மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால் மூலத்தின் நிறத்தைச் சற்று மாற்றியாக வேண்டும் என்னும் இந்தச் செய்தி, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குப் புதியதன்று. சொல்லுக்குச் சொல் பெயர்த்த சுற்றறிக்கை எவ்வளவு கருத்துப்போகும் என்பதை அலுவலகத்தில் நாள்தோறும் காண்கிறோம்.

ஆனால் நம் பெட்டியில் இருந்தது 1944-ன் முடிவில் வெளிவரத் தொடங்கிய ஜி-10. பழைய விதிகள் அதற்கு முழுதும் பொருந்தா. அக்கால விமானங்களின் புகைப்படங்களை உற்றுப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். எஞ்சின் மூடி ஒரு நிறமாகவும், உடல் வேறொரு நிறமாகவும், வால் மூன்றாவது நிறமாகவும் இருக்கும். சிலவற்றில் இறக்கையின் அடிப்பாகத்துக்கு வர்ணமே இல்லாமல் வெற்று உலோகம் பளபளக்கும். ஒரே விமானம், ஏதோ ஒட்டுப்போட்ட சட்டைபோல் ஏன் இருக்கிறது என்று பையன் கேட்டான். நமக்குத் தெரியவில்லை. அப்பாவும் பிள்ளையுமாகத் தேடிப் படித்தோம்.

காரணம் இதுதான். 1943 ஆகஸ்ட் 17-ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் ரேகன்ஸ்பூர்க் நகரத்து மெஸ்ஸர்ஷ்மிட் தொழிற்சாலையைக் குண்டு வீசித் தாக்கின. அதன்பின் உற்பத்தி ஓரிடத்தில் நடவாமல் பல இடங்களுக்குச் சிதறடிக்கப்பட்டது. இறக்கை ஓரிடம், மூடி ஓரிடம், வால் ஓரிடம் என்று செய்யப்பட்டு, அந்தந்த இடத்தில் கிடைத்த வர்ணம் பூசப்பட்டு, கடைசியில் ஒன்றாகப் பூட்டப்பட்டன. அவ்விடங்களுள் பிளோஸன்பூர்க் சிறைமுகாமும் ஒன்று. குஸன் முகாமும் ஒன்று. பிளோஸன்பூர்க்கில் கருங்கல் உடைத்துக்கொண்டிருந்த கைதிகள் 1943 முதல் இந்த 109 விமானத்தின் பாகங்களைச் செய்யும் வேலைக்கு ஏவப்பட்டனர். வேலை செய்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பசியாலும் அடியாலும் நோயாலும் அம்முகாம்களில் மாண்டவர்களும் பல்லாயிரவர். எஞ்சின் மூடிக்கும் உடலுக்கும் இடையே உள்ள அந்த நிற வேறுபாட்டை, ஏதோ அழகுக்காகச் செய்த வேலைப்பாடு என்று எண்ணி அதுவரை ரசித்துக்கொண்டிருந்தோம். படித்த அன்று இரவு பையன் மேஜைப் பக்கம் போகவில்லை. மறுநாள் போனான். மூடிக்கென்று தனியாக ஒரு சாம்பல் நிறத்தைக் கலந்து பூசினான்.

வர்ணம் உலர்ந்து, அதன்மேல் பளபளப்பான வார்னிஷ் பூசிய பின்பு, நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்களின் முறை வந்தது. இங்கேதான் விவாதம் எழுந்தது. வாலில் ஒட்ட வேண்டிய ஹிட்லர் ஆட்சியின் சின்னம் பெட்டியின் மேற்படத்தில் இல்லை. உள்ளே இருந்த தாளிலும் முழுதாக இல்லாமல் இரண்டு துண்டாக அச்சிடப்பட்டிருந்தது. ஜெர்மனியின் தண்டனைச் சட்டம் 86-ஏ பிரிவின்படி அச்சின்னத்தைப் பொதுவில் காட்டுவது பெரும்பாலும் குற்றம். ஆகவே சில உற்பத்தியாளர்கள் அதனை விட்டுவிடுகின்றனர். சிலர் துண்டாக்கித் தந்து, ஒட்டுவதை வாங்குபவரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகின்றனர்.

நம் அன்னையார் தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “ஏண்டா, இது நம்ம வாசல்லே போடற சுவஸ்திகந்தானே? எதுக்கு இப்படிச் சாய்ச்சு வெச்சிருக்கான்?” என்று கேட்டார். உண்மையில் அது வாலின்மேல் ஒரு முனையில் நிற்கும்படி சாய்த்தே தீட்டப்பட்டது. ஜெர்மானியர்கள் தம் மொழியில் அதற்கு வைத்த பெயர் சுவஸ்திகம் அன்று, ஹாக்கன்கிராய்ஸ்; தமிழில் கொக்கிச் சிலுவை எனலாம். ஆங்கிலத்தில் எழுதியவர்கள்தாம் வடமொழிச் சொல்லை அதற்குச் சூட்டினார்கள். இதனை அவருக்கு விளக்கினோம். “அப்போ அந்தப் பேராலேயே சொல்லு. நம்ம பேரை எதுக்கு அதுக்குக் கொடுக்கணும்?” என்றார். இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நமக்கு இது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஒட்ட வேண்டாம் என்பது நம் கட்சி. கூடத்து அலமாரியில், விருந்தினர் கண்ணில் படும் இடத்தில், அந்தச் சின்னம் இருப்பதை நாம் விரும்பவில்லை. பையன் வேறு விதமாக நினைத்தான். “ஒட்டலேன்னா இது பாக்கறதுக்கு வெறும் நல்ல விமானம் ஆயிடும்பா” என்றான். நிறம் மாறிய மூடிக்கு அவ்வளவு கவலைப்பட்டுவிட்டு, இதை மட்டும் மறைப்பது எப்படி நியாயம் என்பது அவன் வாதம். இரண்டு நாள் பேசினோம். பிறகு அவனே இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஒட்டினான். நாம் தடுக்கவில்லை. நம் கருத்து இன்னும் முழுவதும் மாறிவிடவும் இல்லை.

இனி அழுக்கு. முதல் வேலை, உலோகத் தகடுகள் கூடும் கோடுகளில் நீர்த்த கரும்பழுப்பு எண்ணெய் வர்ணத்தை ஓடவிட்டு, மேலே வழிந்ததைத் துணியால் துடைப்பது. கோடுகளில் மட்டும் நிழல் தங்கும். அடுத்து, வர்ணம் தேய்ந்து உலோகம் தெரியும் இடங்கள். இங்கே கை நிற்காது. எல்லா இடத்திலும் வெள்ளி நிறத்தைத் தொட்டுத் தொட்டு வைக்கத் தோன்றும். அப்படிச் செய்வது பிழை. இவ்விமானத்தின் கண்ணாடிக் கூண்டு வலப்புறமாகத் திறப்பது. ஆகவே விமானி இடப்புற இறக்கையின் வேரில் கால்வைத்துத்தான் ஏறுவார். அங்கே தேய்மானம் அதிகம். எஞ்சினைக் கிளப்புவதற்குக் கைப்பிடி போட்டுச் சுழற்றுகிறவர் வலப்புறத்தில் நிற்பார். அங்கேயும் தேயும். துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்ப நாள்தோறும் கழற்றும் மூடிகளின் ஓரம் தேயும். வாலிலுள்ள சுக்கானும் இறக்கை நுனிச் சிறகுகளும் துணி போர்த்தவை. அங்கே வெள்ளிக் கீறல் இட்டால், துணியின் அடியில் உலோகம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஜி-10 விமானங்கள் பலவற்றில் வாலே மரத்தால் ஆனது. அலுமினியம் துருப்பிடிக்காது என்பதை மறந்து இறக்கை முழுதும் செங்காவி பூசியது நமது சொந்தச் சாதனை. துருவுக்கு உரிய இடம் எஃகால் ஆன புகைபோக்கிகள் மட்டுமே.

அப்புகைபோக்கிகள் பக்கத்துக்கு ஆறாக, தாழ்வான இடத்தில் அமைந்தவை. ஏனெனில் இதன் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது. எனவே புகைக்கரி இறக்கை வேரின்மேல் படிந்து பின்னோக்கி நீளும். ஓவியர்கள் உபயோகிக்கும் உலர்ந்த வர்ணக் கட்டியை ரேக்மாலில் உரசிப் பொடியாக்கி, மென்மையான தூரிகையால் முன்னிருந்து பின்னாகத் தடவினால் கரி படிந்ததுபோலவே இருக்கும். அடிவயிற்றில் எண்ணெய்க் கசிவு, சக்கரத்தில் சேறு, அவ்வளவுதான். வெயிலில் வெளுத்ததாகக் காட்டுவதில் அடக்கம் வேண்டும். 1945-ன் தொடக்கத்தில் தொழிற்சாலையை விட்டு வந்த விமானங்களுள் பலவற்றுக்கு வெளுக்கும் அளவுக்கு ஆயுள் இருந்ததில்லை.

இவ்வளவும் முடிந்து, கடைசியாகப் பளபளப்பை அடக்கும் வார்னிஷைப் பூசியது ஜூலை மாத மழை நாள் ஒன்றில். அது இரண்டாவது பிழை. காற்றிலிருந்த ஈரம் வார்னிஷில் சிக்கி, விமானம் முழுவதும் பால் ஆடை படர்ந்தாற்போல் வெளுத்துவிட்டது. நாலு நாள் பொறுத்திருந்து, வெயில் காய்ந்த ஒரு பிற்பகலில் மீண்டும் ஒரு மெல்லிய பூச்சுத் தந்ததும் வெண்மை மறைந்தது. இப்பொழுது விமானம் கூடத்து அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அலமாரியைத் துடைக்கும் அன்னையார் அதன் வாலைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார். பையன் மாலையில் வந்து முன்போல் திருப்பி வைப்பான். இருவரும் இதைப்பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அதன் பக்கத்தில் ஓர் இடம் காலியாக விடப்பட்டுள்ளது. போக்கெவுல்ப் 190 என்னும் மற்றொரு ஜெர்மானியப் போர் விமானத்தை வகுத்த கூர்ட் டாங்க் என்பவர், 1956-ல் பெங்களூருக்கு வந்து ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் நம் நாட்டுக்காக வகுத்த மாருத் என்னும் ஜெட் விமானத்துக்கு உரிய இடம் அது. மாருத் முதன்முதலில் பறந்தது 1961 ஜூன் 17-ஆம் தேதி. 1971 டிசம்பர் யுத்தத்தில் ராஜஸ்தானத்து எல்லையில் அது போரிட்டது. அங்கே அதன் சக்கரக் குழிகளில் படிந்த மண் என்ன நிறமாக இருந்திருக்கும் என்று பையன் கேட்கிறான். ஜோத்பூரில் உத்தியோகம் பார்க்கும் தமிழ் நண்பர் ஒருவருக்கு, ஒரு சிட்டிகை மணலைக் காகிதத்தில் மடித்து அனுப்பும்படி எழுதியிருக்கிறோம்.